கடைமடைக்கும் தண்ணீர் வேண்டும்!

(மதுரையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

வைகைக் கரையில் நின்று பேசுகிறவன் வாய்க்காலைப் பற்றிப் பேசுவது பொருத்தம். ஆனால் நான் பேச வந்திருப்பது தண்ணீர் ஓடும் வாய்க்காலைப் பற்றியல்ல. பணம் ஓடும் வாய்க்காலைப் பற்றி! கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால் அது. வரைபடத்திலே இல்லை, வருவாய்த்துறையின் பதிவேட்டிலே இல்லை. எனினும் இந்த மாநகரில் எந்தக் கடை வளரும், எந்தக் கடை வாடும், எவர் மகன் கல்லாவில் அமர்வான், எவர் மகன் மூட்டை சுமப்பான் என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த வாய்க்கால்தான்.

மதுரையின் வீதிகளை மனக்கண்ணால் ஒருமுறை வலம் வாருங்கள். கோயிலுக்குள் ஆடி வீதி. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி. அதற்கு அப்பால் ஆவணி மூல வீதி. அதற்கும் அப்பால் மாசி வீதி. கோட்டை இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்ட இடத்தில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம்! தெற்காவணி மூல வீதியிலே பொன் மின்னுகிறது. கீழமாசி வீதியிலே பலசரக்கு மூட்டைகள் மலையெனக் குவிகின்றன. மகாலைச் சுற்றிய தெருக்களிலே சௌராட்டிர நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய்த் தறியோடும் சாயத்தோடும் வாழ்ந்து வந்திருக்கின்றன.

இன்ன தொழில் இன்ன தெருவில்தான் நடக்க வேண்டும் என்று இன்றைய சட்டம் எதுவும் சொல்லவில்லை. பிறகு எப்படி வந்தது இந்த ஒழுங்கு? ஒருவர் கடை வைத்தார். அவருடைய மைத்துனர் பக்கத்திலே கடை வைத்தார். ஊரிலிருந்து வந்த பங்காளி அங்கே கணக்கு எழுதினார். பத்தாண்டு கழித்துத் தனிக்கடை திறந்தார். இனம் இனத்தோடு, வெள்ளாடு தன்னோடு என்றார்களே, அந்தப் பழமொழிதான் இந்த நகருக்கு அமைப்பாளர்!

வணிகத்துக்கு மூலதனம் பணம் என்று புத்தகம் சொல்கிறது. பணத்துக்கும் முன்னால் ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் நம்பிக்கை. கடன் கொடுப்பவன் காசையா எண்ணிப் பார்க்கிறான்? ஆளை எண்ணிப் பார்க்கிறான்! 'இவன் ஓடிவிட்டால் எவரிடம் கேட்பது?' என்று எண்ணுகிறான். உறவுக்காரன் ஓடமாட்டான். ஏன்? உத்தமன் என்பதாலா? இல்லை, ஓடினால் அவன் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது, அடுத்த திருவிழாவிலே அவனுக்கு முகம் கிடைக்காது. திருமணப் பந்தலே நீதிமன்றம். உறவினரின் ஏளனமே தண்டனை. அதனால் உறவுக்குள் கடன் எளிது. உறவுக்கு வெளியே அரிது.

வரலாற்றைப் புரட்டுவோம். மதுரைக்குத் தெற்கே, சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர் என்று கரிசல் காட்டிலே வணிகம் செய்த நாடார் மக்களை எண்ணிப் பாருங்கள். கோயில் வாசல் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தார்கள் என்பதற்காக வழக்கு. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசியே கலவரத்தில் எரிந்தது.

தடுக்கப்பட்ட அந்த மக்கள் என்ன செய்தார்கள்? அழுதார்களா? அடங்கினார்களா? தங்களுக்கென ஒரு வாய்க்காலை வெட்டினார்கள்! உறவின்முறை என்றார்கள். விற்கும் சரக்கிலே ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கினார்கள். சோறு பொங்கும் வீட்டிலே பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த பொருளிலே கிணறு வந்தது, பேட்டை வந்தது, பள்ளி வந்தது. விருதுநகரில் 1889இல் எழுந்த சத்திரிய வித்தியாசாலையில் படித்த ஒரு சிறுவன் பின்னாளில் நாட்டின் கல்விக்கண் திறந்தான். அவன் பெயர் காமராசர்! 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு ஒட்டுப்படம் வேண்டும், அச்சகம் வந்தது. மருந்து கலக்கத் தெரிந்தது, பட்டாசு வந்தது. ஒரு தொழில் இன்னொரு தொழிலைக் கைபிடித்து அழைத்து வந்தது. மழையில்லாத மண்ணிலே ஆலை முளைத்த அதிசயம் அதுதான்!

செட்டிநாட்டைப் பாருங்கள். பர்மா வரை, மலேயா வரை சென்று கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனை அடுத்தாளாக்கி, மேலாளாக்கித் தொழில் பழக்கினர். அம்மரபிலே வந்த கருமுத்து தியாகராசர் மதுரையிலே மீனாட்சி ஆலையை நடத்தினார். 1943இல் மதுரை வங்கியைத் தொடங்கினார். 1949இல் தியாகராசர் கல்லூரியை நிறுவினார். அந்த வங்கி 2001இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்து மறைந்தது, கல்லூரி நிற்கிறது.

டி.வி.எஸ். நிறுவனத்தைப் பாருங்கள். 1911இல் மதுரையில் வேர்விட்ட குடும்பத் தொழில். பேருந்து ஓட்டினார்கள், உதிரிப்பாகம் விற்றார்கள், மக்களும் பேரர்களும் கிளைத்தார்கள். 1960களில் வெளிநாட்டுக் கூட்டோடு பிரேக்கும் சக்கரமும் செய்யும் பேராலைகள் எழுந்தபோதோ, அவை எழுந்த இடம் மதுரையன்று. சென்னையை அடுத்த பாடி! தொடர்பு எங்கே நீள்கிறதோ அங்கே தொழில் செல்கிறது. தொழில் எங்கே செல்கிறதோ அங்கே நகரம் வீங்குகிறது.

தோழர்களே! இவர்கள் உழைத்தார்கள், உயர்ந்தார்கள். அதைப் பழிப்பவன் நானல்லன். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். உழைப்பு ஒன்றே உயர்த்துமானால், உழைத்து உழைத்து உருக்குலைந்த மற்றவர்கள் ஏன் உயரவில்லை?

உசிலம்பட்டிச் சீமைக்கு வாருங்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுவாள் பிரமலைக் கள்ளர் மக்கள்மீது பாய்ந்தது. ஆண்மக்களின் கைரேகையைப் பதிந்தார்கள். இரவிலே காவலர் கண்ணெதிரே உறங்கச் சொன்னார்கள். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும் என்றார்கள். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது, மக்கள் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒருவர் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்த அதே காலத்திலே, இன்னொருவருக்குப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குச் செல்லவே சீட்டு! காலைக் கட்டிவிட்டு 'ஓட்டத்திலே தோற்றான்' என்று எழுதுவது வரலாறா?

ஒடுக்கப்பட்ட சேரி மக்களின் கதையோ அதனினும் கொடிது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர்கள் நுழைய 1939 சூலை 8 வர வேண்டியிருந்தது; அன்று நுழைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் அமைச்சரான கக்கன். கோயில் கதவு திறந்தது, கடைத்தெருவின் கதவு? மதுரை மாவட்டத்து உத்தப்புரத்திலே ஊரை இரண்டாகப் பிளந்து நின்ற சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் வரை போராட வேண்டியிருந்ததே! கண்ணுக்குத் தெரிந்த சுவருக்கே அத்தனை ஆண்டுகள் என்றால், கண்ணுக்குத் தெரியாத சுவருக்கு எத்தனை ஆண்டுகள்?

நாடகம் எழுதுபவன் நான். ஆகவே ஒரு கற்பனைக் காட்சியாகவே வைக்கிறேன். இடம்: மொத்த வணிகரின் கடை. சேரியிலே பிறந்த பட்டதாரி இளைஞன், சிறுகடை வைக்கச் சரக்கு கேட்டு வருகிறான்.

"எந்த ஊர், தம்பி?" ஊரைச் சொல்கிறான்.

"ஊரிலே எந்தத் தெரு?" தெருவைச் சொல்கிறான்.

"நல்லது. ரொக்கம் கொண்டு வா. சரக்கு எடுத்துப் போ."

அவன் படியிறங்குகிறான், இன்னொருவன் படியேறுகிறான். "வாங்க மருமகனே! அப்பா நலமா? சரக்கை ஏற்றிக்கொள், பணத்துக்கு என்ன அவசரம், அடுத்த மாதம் பார்க்கலாம்!"

காட்சி முடிந்தது. வணிகர் வசைபாடினாரா? இல்லை. விரட்டினாரா? இல்லை. 'சாதி' என்ற சொல்லாவது அவர் வாயிலே வந்ததா? அதுவும் இல்லை. ஆனால் கணக்கைப் போடுங்கள். இருவர் கையிலும் 10,000 ரூபாய் இருந்ததென்று கொள்வோம். ஒருவன் கடையிலே 10,000 ரூபாய்ச் சரக்கு. மற்றவன் கடையிலே, தவணைச் சரக்கையும் சேர்த்து, 20,000 ரூபாய்ச் சரக்கு! எந்தக் கடையிலே கூட்டம் கூடும்? எந்தக் கடை ஓராண்டிலே பூட்டப்படும்? பிறகு ஊர் சொல்லும்: 'அவர்களுக்கு வியாபாரம் வராது!' வராதது வியாபாரமன்று, ஐயா, வராதது வாய்க்கால்!

பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். ஆனாலும் மேலூர்ப் பக்கத்து உழவரைக் கேளுங்கள். தலைமடைக்காரர் வயல் நிறைந்த பிறகே கடைமடைக்குத் தண்ணீர். கடைமடைக்காரன் சோம்பேறியா? இல்லை, அவன் வயல் இருக்கும் இடம் அப்படி. முறை வைத்துத் தண்ணீர் விட்டால்தான் அவனும் பிழைப்பான். பணத்துக்கும் முறைவைப்பு வேண்டும் என்பதே என் வாதம்.

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. குடும்ப வாய்க்காலாய் இருந்தது பொது ஆறாக மாறட்டும் என்ற நோக்கம் அதிலே இருந்தது. ஆனால் ஆறு ஓடினால் போதுமா? ஆற்றிலிருந்து குடிசைக்கு ஒரு கிளை வேண்டாமா? அந்தக் கிளையை வெட்டிக் காட்டியவர் எங்கோ இருப்பவரல்லர்; அழகர்கோயில் பக்கத்துப் புல்லுச்சேரியைச் சேர்ந்தவர். சின்னப்பிள்ளை! எழுதப் படிக்கத் தெரியாத உழவுத் தொழிலாளி. பெண்களைத் திரட்டி, நிலக்காரரிடம் நிமிர்ந்து நின்று கூலி பேசியவர். மதுரை வட்டாரத்தில் 1990இல் தொடங்கிய களஞ்சியத்திலே சேர்ந்து, சிறுசேமிப்பைப் பெருக்கி, வட்டிக் கடையின் பிடியிலிருந்து பெண்களை மீட்க உழைத்தவர். 2001 சனவரியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருதளித்த பிரதமர் வாச்பாய், அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது.

விருதைவிட வித்தையைக் கவனியுங்கள். விருதுநகரின் பிடி அரிசியும் புல்லுச்சேரியின் சேமிப்பும் ஒரே வித்தை: இல்லாதவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் வித்தை! வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே பிணைத்தது பிறப்பு. இங்கே பிணைப்பது உறுப்பினர் என்ற உரிமை. அந்தக் குழுவைப் பொதுத்துறை வங்கியோடு இணைத்துவிட்டால், கடைமடை ஆற்றோடு சேர்கிறது.

இனி உங்கள் கடமைக்கு வருகிறேன். 1973இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலார் ஒன்றை எடுத்துக் காட்டினார். புதிய வேலை பற்றிய செய்தி, நெருங்கிய உறவினரைவிடத் தூரத்து அறிமுகத்தின் வழியே மிகுதியாக வருகிறது என்றார். உறவினருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வரவேண்டும். அப்படியானால், மாசி வீதிக்காரனும் சேரிக்காரனும் ஒரே பலகையில் உட்கார்ந்து நாளேடு படிக்கும் இடம் இந்நாட்டில் எது? நம்முடைய படிப்பகமன்றோ!

அந்தப் படிப்பகம் தேர்தல் நேரத்துச் சுவரொட்டிக் கிடங்காய் இருக்கலாமா? ஆலையிலே ஆள் எடுக்கும் செய்தி அங்கே ஒட்டப்பட வேண்டும். வங்கிக் கடனுக்கான படிவம் அங்கே நிரப்பப்பட வேண்டும். கடை வைத்திருக்கும் தோழர், கடை வைக்க விரும்பும் தோழருக்காக மொத்த வணிகரிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும். "இவர் எனக்குத் தெரிந்தவர்" என்ற ஒரு சொல்! அந்தச் சொல்லுக்கு விலை 10,000 ரூபாய் என்று சற்றுமுன் கணக்குப் போட்டோமே!

சாதி ஒழிக என்று மேடையிலே முழங்குவது எளிது. மாற்றுத் தெருக்காரனுக்குப் பிணைக் கையெழுத்துப் போடுவது கடினம். முழக்கத்தை ஊர் கேட்கும். கையெழுத்தைக் காலம் கேட்கும். உங்கள் கிளையிலே அப்படிக் கையெழுத்திட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை ஏறட்டும். கடைமடைக்குத் தண்ணீர் பாயட்டும்!