இங்கிதம்

(இந்து வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆங்கிலம் கற்றோர் சிலர் நாவில் "சவ்வார் ஃபேர்" என்றொரு தொடர் வருவதுண்டு. அது பிரெஞ்சு மொழித் தொடர். "சவ்வார்" என்றால் அறிதல். "ஃபேர்" என்றால் செய்தல். செய்ய அறிதல் என்பதே நேர்ப்பொருள். பிரெஞ்சுக்காரர் இன்றும் பெரும்பாலும் தொழில் வல்லவனின் கைத்திறனையே அதனாற் குறிப்பர். நாலுபேர் நடுவில் ஒழுகும் முறைக்கு, வாழ அறிதல் என்று பொருள்படும் வேறொரு தொடர் அவர்களிடம் உண்டு. ஆங்கிலேயரோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற்றொடரைக் கடன் வாங்கி, எந்தச் சபையிலும் தடுமாறாது இடமறிந்து பேசிப் பழகும் சாமர்த்தியத்துக்குப் பெயராகச் சூட்டினர். 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு பல தலைமுறைக்கு அரசவை மொழியாய் விளங்கியது. மேன்மக்கள் ஒழுக்கத்தைப் பிரெஞ்சிலே சொன்னாற்றான் எடுப்பாயிருக்கும் என்ற எண்ணம் அவர்களை விட்டு நீங்கவில்லை போலும்!

நாமும் கடன் வாங்கியவர்களே. "இங்கிதம்" வடசொல். உள்ளக் கருத்தைப் புலப்படுத்தும் உடற்குறிப்பு என்பது அதன் மூலப்பொருள். தமிழிலோ, அக்குறிப்பை உணர்ந்து நடக்கும் பண்புக்கே அது பெயராயிற்று. வள்ளுவரும் குறிப்பறிதல் என்ற பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வகுத்தார். அரசவைக்கும் அது வேண்டும். அன்புடையார்க்கும் அது வேண்டும்.

இரண்டையும் ஒப்புநோக்குங்கள். ஆங்கிலேயர் கொண்ட பொருளில், நான் தடுமாறாதிருப்பதே பெரிது. இங்கிதத்தில், எதிரே இருப்பவர் நோகாதிருப்பதே பெரிது.

வீட்டை விட்டுப் புறப்படும்போது "போயிட்டு வாறன்" என்கிறோம். இழவு வீட்டிலோ அதையும் சொல்லாமல் எழுந்து வருகிறோம். இம்முறைகளை நமக்கு முன்னோர் வகுத்துத் தந்தனர்.

அவர்கள் முறை வகுக்காத வீடுகளும் இன்று வன்னியில் உள்ளன. 2009 மே மாதத்தில் முடிந்த போரிலே காணாமற் போனவர்களின் வீடுகளைச் சொல்கிறேன். அவற்றை இழவு வீடென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அத்தகைய தாய்மாரும் உறவினரும் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் தொடர் போராட்டம் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். அப்படியொரு தாயின் முற்றத்தில் நின்று, "மகன் நல்ல பிள்ளையாய் இருந்தவர்" என்று ஆறுதலாகத்தான் சொல்கிறோம். அந்த இறந்தகாலம் அவள் நெஞ்சில் எப்படி இறங்கும்? "கட்டாயம் வருவார்" என்று உறுதி கூறுவதும் பிழை. அதை நிறைவேற்ற நம்மால் இயலாது.

அவள் எந்தக் காலத்திற் பேசுகிறாளோ, அந்தக் காலத்திலே நாமும் பேசுவோம். அவள் மௌனமாயிருந்தால் நாமும் மௌனமாயிருந்து, தந்த தேநீரைக் குடித்து, வேலியிற் சரிந்து கிடக்கும் கதிகாலை நிமிர்த்திக் கட்டிவிட்டு வருவோம். செய்ய அறிதல் என்ற அந்தப் பிரெஞ்சுப் பொருளும் அங்கே நமக்குக் கைவந்துவிடும்.

வாலிபர்களே! கொழும்புச் சபைகளில் ஆங்கிலம் பேச நாத் தடுமாறுகிறதே என்று குன்றிப்போகாதீர்கள். அந்தத் தடுமாற்றம் பழகப் பழகத் தீரும். இந்த முற்றங்களில் மட்டும் நமது சொல் தடுமாறாதிருக்கட்டும்.