துணையைக் காட்டியது ஊர்தான்!

(பட்டிமன்றத் தலைப்பு: வெளிநாட்டுப் பயணத்தில் பெரிதும் மனநிறைவு தருவது, காணும் இடமே! உடன் வரும் துணையே! — ‘இடமே’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே! எனக்கு முன்னால பேசி, ‘துணைதான், துணைதான்’னு கைதட்டலை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போன எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! ‘அணைச்சோமா இல்லையா’ன்னு இப்பத்தான் யோசிக்க ஆரம்பிச்சிருக்கிற தாய்மார்களே! (சிரிப்பு) 

எதிரணித் தம்பி ரொம்ப அழகாப் பேசினாரு. “பக்கத்துல மனைவி இருந்தா பாலைவனமும் பூஞ்சோலைதான்”னாரு. விசாரிச்சேன் அய்யா. தம்பிக்குக் கல்யாணமாகி ஏழு மாசம்தான் ஆகுதாம்! (பலத்த சிரிப்பு) தம்பி, நல்லா இருங்க. எனக்கு 29 வருஷம் ஆச்சு. இப்ப நான் பேசறேன், கேளுங்க.

எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. இன்பம் தர்றது துணைதான்னா, அந்தத் துணை வீட்டுலயே இருக்காரே அய்யா! காலையில காபி கேக்குறாரு. ராத்திரி ரிமோட்டைத் தேடறாரு. எங்கேயும் போகல. துணை மட்டுமே போதும்னா நம்ம வரவேற்பறையே சொர்க்கமா இருந்திருக்கணுமே! ஏன் இல்ல? (கைதட்டல்) அதே துணை, வேற ஊருல, வேற மனுஷரா மாறுறாரே! மாத்தினது யாரு? ஊரு! இதுதான் என் வாதம்.

எங்க வீட்டுக்காரர் ஓய்வு பெற்றாரு. வந்த பி.எஃப். பணத்துல ஒரு பங்கை எடுத்து, 2024-ஆம் வருஷம் மே மாசம் நாங்க ரெண்டு பேரும் இத்தாலியில இருக்கிற வெனிஸ் நகரத்துக்குப் போனோம். நாலு ராத்திரி தங்கினோம். சொந்தக்காரங்க எல்லாம், “அந்தக் காசுக்கு ரெண்டு வளையல் வாங்கியிருக்கலாமே”ன்னாங்க. வாங்கியிருக்கலாம். வளையல் பீரோவுக்குள்ள இருக்கும். வெனிஸ் எனக்குள்ள இருக்கு! (கைதட்டல்)

வெனிஸ் எப்படிப்பட்ட ஊர் தெரியுங்களா? உப்பங்கழிக்கு நடுவுல 118 சின்னச் சின்னத் தீவு. அதை எல்லாம் இணைக்க 400-க்கும் மேல பாலம். ரயில்ல போனா சாந்தா லூச்சியா நிலையத்துல இறங்கணும். வெளிய வந்து பார்த்தா ரோடு இல்ல, தண்ணி! பஸ் கூட படகு. ஆம்புலன்ஸ் படகு. குப்பை அள்றதும் படகு. ஊருக்குள்ள காரு கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது. சைக்கிள் கூட ஓட்டக் கூடாது. எங்க போனாலும் நடராஜா சர்வீஸ்தான். (சிரிப்பு)

இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. இருக்கு அய்யா. 29 வருஷமா நான் ஸ்கூட்டர்ல பின்னால உட்கார்ந்து போனவ. நான் அதிகமாப் பார்த்தது அவரு முதுகைத்தான்! (சிரிப்பு) நடந்து போனாலும் அவரு பத்தடி முன்னால போவாரு, நான் பையைத் தூக்கிட்டுப் பின்னாலேயே ஓடுவேன். வெனிஸ்ல ஸ்கூட்டர் இல்ல. வேகமாப் போகவும் வழியில்ல, ஏன்னா எந்தச் சந்து எங்க போகும்னு அவருக்கும் தெரியாது! அதனால வேற வழியில்லாம என்கூடச் சேர்ந்து நடந்தாரு. சில சந்து இருக்கு பாருங்க, அரை மீட்டர் அகலம்தான். ரெண்டு பேரு சேர்ந்து போக முடியாது. அப்படி ஒரு சந்து வாசல்ல நின்னு, “நீ முன்னால போம்மா”ன்னாரு. வாழ்க்கையில முதல் முறையா நான் முன்னால போனேன் அய்யா! போக வச்சது அவரா? அந்தச் சந்து! (பலத்த கைதட்டல்)

அடுத்தது பாலம். அங்க பாலம்னா சமதளமா இருக்காது. அடியில படகு போகணுமே! அதனால படி ஏறணும், படி இறங்கணும். எனக்கோ முழங்கால் வலி. மூணாவது பாலத்துல கையை நீட்டினாரு. நம்ம தெருவுல நீட்டுவாரா? எதிர் வீட்டு மாமி பார்த்தா என்ன நினைப்பாங்களோன்னு பயம்! அங்க எந்த மாமியும் இல்ல. பாலமா வந்துக்கிட்டே இருக்கு, அவரு கையை விடவே இல்ல. அன்னைக்கு ராத்திரி நான் வேண்டிக்கிட்டேன், “சாமி, இன்னும் நாலு பாலம் சேர்த்துப் போடு”ன்னு. (சிரிப்பு)

“அதுதான் அம்மா, கை கொடுத்தது துணைதானே”ன்னு எதிரணி அம்மா அங்கிருந்து சைகை காட்டறாங்க. அம்மா, அந்தக் கை 29 வருஷமா அவருகிட்டதான் இருந்தது! நீட்டறதுக்கு ஒரு பாலம் வேண்டியிருந்ததே! (கைதட்டல்)

வெனிஸ்னாலே எல்லாருக்கும் கொண்டோலா ஞாபகம் வரும். சினிமாவுல காதல் ஜோடி போற கறுப்புப் படகு. பகல்ல அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. நம்ம பணத்துல எட்டாயிரத்துக்கு மேல. எங்க வீட்டுக்காரர் விலையைக் கேட்டதும் ரெண்டடி பின்னால போனாரு. நான் கையைப் பிடிச்சிருந்ததால தண்ணியில விழல! (சிரிப்பு) அப்புறம் நாங்க ஒரு வழி கண்டுபிடிச்சோம். பெரிய கால்வாயை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடக்க ‘த்ராகெத்தோ’ன்னு ஒண்ணு இருக்கு. அதுவும் கொண்டோலா மாதிரிப் படகுதான், ஷேர் ஆட்டோ மாதிரி எல்லாரும் ஏறிக்கலாம். ரெண்டே யூரோ. ரெண்டு நிமிஷத்துல அக்கரை. காதலுக்கு ரெண்டு நிமிஷம் போதாதா? (சிரிப்பு)

ஆனா அந்தக் கொண்டோலாவுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. ஏறக்குறைய 11 மீட்டர் நீளம். ஒரே ஆள், ஒரே துடுப்பு, அதுவும் வலப்பக்கம் மட்டும்தான். ஒரு பக்கமே துடுப்புப் போட்டா படகு வட்டம்தானே சுத்தணும்? சுத்தாது. ஏன்னா இடப்பக்கத்தை வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலமா வச்சுச் செய்யறாங்க. ரெண்டு பக்கமும் சமமா இருந்தா அந்தப் படகு நேராப் போகாது. சமமா இல்லாததாலதான் நேராப் போகுது! அங்க நின்னு அதைக் கேட்டப்ப எனக்கு எங்க குடும்பமே கண்ணு முன்னால வந்துச்சு. அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவருக்குக் கோபம் சீக்கிரம் வரும், எனக்குச் சீக்கிரம் போகும். இந்தக் கோணலை 29 வருஷமாக் குறைன்னு நினைச்சோம். அது குறையில்ல, படகு செஞ்ச விதம்னு சொல்லிக் கொடுத்தது அந்த ஊரு! (பலத்த கைதட்டல்)

இன்னொரு சேதி, தாய்மார்களுக்காக. நூத்துக்கணக்கான வருஷமா ஆம்பளைங்களே பிடிச்சுக்கிட்டிருந்த அந்தத் துடுப்பை, 2010-ல ஜார்ஜியா போஸ்கோலோன்னு ஒரு பொண்ணு உரிமம் வாங்கிப் பிடிச்சாங்க. (கைதட்டல்) நம்ம வீட்டுலயும் படகை ஓட்டறது நாமதான், உரிமம்தான் அவங்க பேருல இருக்கு! (சிரிப்பு)

அய்யா, ‘பெருமூச்சுப் பாலம்’னு ஒண்ணு இருக்கு. வெள்ளைக் கல்லுல, மூடின பாலம். அதுக்கு அடியில படகுல போறப்ப சூரியன் மறையற நேரத்துல ஜோடியா முத்தம் கொடுத்தா காதல் நிலைக்கும்னு சுற்றுலாக்காரங்ககிட்டச் சொல்வாங்க. உண்மையில அது என்ன பாலம் தெரியுமா? அரண்மனையில விசாரிச்ச கைதியைப் பக்கத்துச் சிறைக்குக் கூட்டிட்டுப் போற பாலம்! கடைசியா ஒரு தரம் ஜன்னல் வழியா வெளிச்சத்தைப் பார்த்துக் கைதி விட்ட பெருமூச்சாம் அது. எங்க வீட்டுக்காரர் கேட்டுட்டு ஒரு பெருமூச்சு விட்டாரு. எதுக்குன்னு நான் கேக்கல. (பலத்த சிரிப்பு)

சிரிச்சது போதும். இப்ப கொஞ்சம் மனசு விட்டுப் பேசறேன்.

பெரிய கால்வாயோட வாசல்ல ‘சலூத்தே’ன்னு ஒரு பெரிய மாதா கோயில். 1630-லயும் 31-லயும் கொள்ளை நோய் வந்து அந்த நகரத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு மக்கள் போயிட்டாங்க. மிஞ்சினவங்க நன்றிக் கடனா 1631-ல கட்ட ஆரம்பிச்சாங்க. 1687-லதான் திருநிலைப்படுத்தினாங்க. அடியில பாறை இல்ல, சேறு. அந்தச் சேத்துக்குள்ள பத்து லட்சத்துக்கு மேல மரக்கம்பங்களை அடிச்சு, அது மேலதான் கோயிலை நிறுத்தியிருக்காங்கன்னு சொல்றாங்க. ஊரே அப்படித்தான் நிக்குது. காத்துப் படாம சேத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கறதால மரம் சீக்கிரம் உளுத்துப் போகறதில்லையாம்.

அந்தக் கோயில் படிக்கட்டுல நாங்க நின்னுக்கிட்டிருந்தோம். அவரு ரொம்ப நேரம் தண்ணியையே பார்த்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு: “மேல கோபுரத்தைத்தான் எல்லாரும் போட்டோ எடுக்கறான். கீழ இருக்குற மரத்தை எவனும் பாக்கறதில்ல. நம்ம வீட்டுல அந்த மரம் நீதாம்மா.”

(நீண்ட கைதட்டல்)

அய்யா, இதை ஏன் அவரு வீட்டுல சொல்லல? அன்பு இல்லாமலா? இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு சொல் கிடைக்கல. அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது அந்தக் கோயில். துணைகிட்ட இருக்கறதைத் துணைக்கே காட்டிக் கொடுக்கறது இடம்!

மார்க்கோ போலோ அந்த ஊர்க்காரருதான். 1271-ல கிளம்பி 1295-ல திரும்பினாரு. 24 வருஷம்! சீனா வரைக்கும் போயி, வர்ற வழியில நம்ம பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்து, காயல் துறைமுகத்தைப் பத்தியும் முத்துக் குளிக்கறதைப் பத்தியும் சொல்லி வச்சாரு. துணைக்கு யாரு போனாங்க? அவங்க அப்பாவும் அப்பாவோட சகோதரரும். எழுநூறு வருஷமா உலகம் அந்தப் புஸ்தகத்துல எதைப் படிக்குது? அப்பா என்ன சாப்பிட்டாருன்னா? பார்த்த ஊரை அய்யா, பார்த்த ஊரை! (கைதட்டல்)

இன்னும் ஒண்ணு. புனித மார்க்கு சதுக்கத்துல இருக்கிற உயரமான மணிக்கூண்டு 1902 ஜூலை 14-ஆம் தேதி அப்படியே சரிஞ்சு விழுந்துடுச்சு. நல்ல வேளை, மனுஷ உயிர் எதுவும் போகல. ஊர்க்காரங்க என்ன முடிவு பண்ணினாங்க? ‘எப்படி இருந்ததோ அப்படியே, எங்கே இருந்ததோ அங்கேயே’ கட்டணும்னு. 1912-ல கட்டி முடிச்சுட்டாங்க. 1966 நவம்பர்ல 194 சென்டிமீட்டருக்குக் கடல் ஏறிச்சு. 2019 நவம்பர்ல 187 சென்டிமீட்டர். விடல. கடல் வாயில 78 இரும்புக் கதவு போட்டு, 2020 அக்டோபர்ல முதல் தடவையாத் தூக்கி நிறுத்தி வெள்ளத்தைத் தடுத்தாங்க. துணைதான் பெரிசு, இடம் ஒண்ணுமில்லேன்னா, பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு மேட்டு நிலத்துக்குப் போயிருக்கலாமே!

போனாங்களே அம்மான்னு கேப்பீங்க. ஆமா, நிறையப் பேரு போயிட்டாங்க. அதுதான் எனக்கு வருத்தம். 1950-களோட தொடக்கத்துல ஒண்ணே முக்கால் லட்சம் பேரு குடியிருந்த பழைய நகரத்துல, 2022-ல ஐம்பதாயிரத்துக்கும் கீழே வந்துட்டாங்க. வீடெல்லாம் விடுதி ஆயிடுச்சு. காய்கறிக் கடை இருந்த இடத்துல முகமூடிப் பொம்மைக் கடை. காலையில வந்து சாயங்காலம் ஓடறவங்க கூட்டத்தைக் குறைக்க, 2024 ஏப்ரல்லேர்ந்து சில நாட்கள்ல 5 யூரோ நுழைவுக் கட்டணமே போட்டாங்க.

யாரால வந்தது இது? ஊரை ஊராப் பார்க்காம, தன்னோட போட்டோவுக்குப் பின்னால தொங்கற திரைச்சீலையாப் பார்க்கறவங்களால! ரியால்டோ பாலத்துல நின்னோம். ஒரு ஜோடி வந்தாங்க, முதுகைக் கால்வாய்க்குக் காட்டினாங்க, பல்லைக் காட்டினாங்க, படம் எடுத்தாங்க, போயிட்டாங்க. 1591-ல கட்டி முடிச்ச பாலம் அய்யா! திரும்பிக் கூடப் பார்க்கல. துணையே போதும்னு போறவங்க பயணம் இப்படித்தான் முடியும். (கைதட்டல்) எதிரணி நண்பர்களே, உங்க வாதம் ஜெயிச்சா ஒரு ஊரு தோத்துப் போகும்! அந்த ஊருல இன்னும் பிடிவாதமாக் குடியிருக்கிற ஒரு பாட்டி, ஜன்னல்ல துணி காயப் போட்டுக்கிட்டு நம்மளைப் பார்க்கறாங்களே, அவங்க தோத்துப் போவாங்க!

நான் எல்லாரையும் வெனிசுக்குப் போங்கன்னு சொல்லல. உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ரெண்டு மணி நேரத்துல போற இடமா இருந்தாலும் போதும். ஆனா அந்த இடத்தைக் கண்ணைத் திறந்து பாருங்க. அங்க ஒரு ராத்திரியாவது தங்குங்க. அந்த ஊர்க்காரன் கடையில ஒரு காபி குடிங்க. ஆண்களே, முழங்கால் நல்லா இருக்கும்போதே கூட்டிட்டுப் போங்க! வலி வந்த பிறகு பாலம் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

நடுவர் அவர்களே! துணை என்பது விளக்கு. ஒத்துக்கறேன். ஆனா ஏத்துறதுக்கு ஒரு நெருப்பு வேணும். அந்த நெருப்பு, காணும் இடத்திலிருந்துதான் வருது. துணை இல்லாமப் போனவங்க கூட ஊரைப் பார்த்து நிறைஞ்சு வந்திருக்காங்க. ஊரைப் பார்க்காம, பக்கத்துல இருக்கிற துணையை மட்டும் பார்க்கணும்னா, அதுக்குப் பாஸ்போர்ட் தேவையில்ல, பாயே போதும்! (சிரிப்பு)

ஆகவே, வெளிநாட்டுப் பயணத்தில் பெரிதும் மனநிறைவு தருவது காணும் இடமே, இடமே, இடமே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 

(பலத்த கைதட்டல்)