கடைசி வண்டி



சைக்கிளில் கூட்டமாக நெடுந்தூரம் போகிறவர்களிடையே ‘ஸ்வீப்’ என்று ஒரு பொறுப்பு உண்டு. எல்லாருக்கும் கடைசியில் வரவேண்டும். யாருக்காவது பஞ்சர் என்றால் கூட நிற்கவேண்டும். யாருக்காவது தொடை பிடித்துக்கொண்டாலும் நிற்கவேண்டும். எவரையும் முந்தக்கூடாது. தை மாதத்தில் ஒருமுறை சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பதினான்கு பேர் போனோம். இரண்டாம் நாள், காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பும்போது, அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

காலை 6 மணி. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவுக்குள் திரும்பினோம். பத்தடி போகவில்லை, முன்னால் போனவர் பிரேக் பிடித்தார். தெரு நெடுகப் பாவு கட்டியிருந்தது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகள்தாம் பாவு. தறியில் ஏற்றுமுன் வெயில் ஏறாத வேளையில் அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, சிக்கெடுத்து, கஞ்சி போட்டு உலர்த்துவார்கள். வீட்டுக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடம் ஏது? அன்று அரக்கு நிறப் பாவு. இரண்டு பக்கமும் குனிந்தபடி ஆட்கள்.

எங்கள் இளைஞர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அது நாடித்துடிப்பைக்கூடச் சொல்லும் கடிகாரம். இழையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஓர் அம்மா சொன்னார்: “எறங்கி ஓரமா தள்ளிக்கிட்டு போங்கப்பா. ஹேண்டில்பார் பட்டா இழை போயிடும்.” பதினான்கு வண்டிகளும் சுவரை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. கடைசி ஆளுக்கு நின்று பார்க்க நேரம் கிடைக்கும். ஸ்வீப்புக்கு உள்ள ஒரே சலுகை அது.

ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே குழித்தறி. நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிகட்டைகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்தவன் கண்ணுக்கு முதலில் பட்டது அந்தக் கால்கள்தாம். நாங்கள் மிதித்தால் ஊர் மாறும். அவர் மிதித்தால் சேலை வளரும், ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார். பக்கத்தில் ஒரு பெண், மகளாக இருக்கலாம். நெய்துகொண்டிருந்தது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதற்கு மூன்று நாடா ஓடவேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னோர் ஆள் இல்லாமல் முடியாது. அவர் கை பிந்தினால் நெசவாளர் காத்திருக்கத்தான் வேண்டும். அன்றைக்கு யாரும் யாரையும் அவசரப்படுத்தியதாகத் தெரியவில்லை. நான் பார்த்த அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் சேலை எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால், ஒரு விரல் அகலம்கூட இருக்காது.

பிறகு குடலை இட்லி. வரதராஜப் பெருமாள் கோயிலில் நைவேத்தியமாகும் இட்லிதான் இதற்கு மூலம். மிளகு, சீரகம், சுக்கு சேர்த்த மாவை, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி வேகவைப்பார்கள். இரண்டு துண்டு போதும், மதியம்வரை பசிக்காது. சைக்கிள்காரர்களுக்காகவே கண்டுபிடித்ததுபோல இருந்தது.

எங்களில் மூத்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 63. எல்லாருக்கும் அவர் ‘சார்’தான். இளையவனோ கல்லூரி மாணவன், அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் பள்ளி நாளில் பரிசு வாங்கியவன். செப்டம்பர் 15-ஐ ஒட்டி மாவட்டந்தோறும் மாணவர்களுக்கு நடக்கும் போட்டி அது. அந்த அண்ணா பிறந்த ஊரிலிருந்தே கிளம்புகிறோம் என்ற உற்சாகமோ என்னவோ, செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பையன் கண்ணுக்கே தெரியவில்லை. மற்றவர்களும் அவன் பின்னால் பறந்தார்கள். வாடைக்காற்று வேறு முதுகில் கைவைத்துத் தள்ளியது.

மாமண்டூர் அருகே சாருக்குப் பின்சக்கரம் பஞ்சர். முள். டயரைக் கழற்றி டியூபை மாற்றுவதற்குள் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் கை பழகாத வேலை. உட்கார்ந்த இடத்துக்கு எதிரே மாமண்டூர் ஏரி. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து ஏரி, சித்திரமேகத் தடாகம் என்று பழைய பெயர். கரையோரப் பாறையில் குடைவரைகள். முன்னால் பறந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

இப்படிச் சைக்கிளில் கூட்டமாக நெடுந்தூரம் போவதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1897-இல் இத்தாலியில் பன்னிரண்டு பேர் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்திலேயே கடக்கப் புறப்பட்டார்கள். துணிச்சல்காரர் என்ற பொருளில் ‘ஆடாக்ஸ்’ என்று பெயர் வந்தது. 1904-இல் பிரான்சில் இதற்கு விதி வகுத்தார்கள்: ஒரு கேப்டன் வேகத்தை நிர்ணயிப்பார், எல்லாரும் சேர்ந்தே போய்ச் சேரவேண்டும். 1921-இல் அவரவர் வேகத்தில் போகலாம் என்று இன்னொரு முறை வந்தது. இன்று நம் ஊரிலும் நடப்பது பெரும்பாலும் அதுதான். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். எனக்கென்னவோ அந்தப் பழைய முறைதான் பிடிக்கிறது. இளைஞர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

வந்தவாசியில் சாப்பாடு. 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய ஊர். எங்களுக்கு அங்கே மோர்தான் முக்கியமாக இருந்தது. கோரைப்பாய்க் கடை ஒன்றைப் பார்த்த சார், “ஒண்ணு வாங்கி இங்கயே விரிச்சுடலாமா?” என்றார். பாதி நிஜமாகத்தான் கேட்டார்.

சேத்துப்பட்டு தாண்டி அவலூர்பேட்டை நெருங்கும்போது அண்ணாமலை தெரிந்தது. அது ஒரு பொல்லாத மலை. இதோ என்று தெரியும். ஒரு மணி நேரம் மிதித்தாலும் இதோ என்றே தெரியும். சார் தலையைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: “நீங்க முன்னாடி போங்க தம்பி, நான் வந்துடறேன்.”

“முடியாது சார். நான் ஸ்வீப்.”

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டி ஏழு மணி. வரவேற்பில் இருந்தவர் எங்கள் தலையைப் பார்த்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். “ஹெல்மெட் இருக்கு, பைக் எங்க சார்?” முன்னால் வந்தவர்கள் குளித்துத் தூங்கியே போயிருந்தார்கள். பரிசு வாங்கிய பையன் மட்டும் விழித்திருந்து, எங்களுக்காக ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருந்தான். பிரித்தால் இட்லி, கல்லாக ஆறிப்போனது. காஞ்சிபுரத்து இட்லிக்கு அது பங்காளி உறவுகூட இல்லை. சார் ஆறையும் சாப்பிட்டார்.