எரியாத சூடேற்றியைக் கண்டுபிடிப்பது எப்படி?



நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று பால்மரம் சீவப் போவதில்லை; ஆலைக்குப் போகிறார்கள். பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972-ஆம் ஆண்டு சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது முதல் நாம் கண்டுவரும் மாற்றம் இது. அப்படிப் போகும் பிள்ளை நிற்கக்கூடிய இயந்திரங்களில் ஒன்று, பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம். வெப்பம் 200 டிகிரி என்று முகப்பில் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் வாளி மட்டும் அரைகுறையாக உருகி, திட்டுத்திட்டாக வருகிறது. பழி யார் மேல் விழும்? இயந்திரத்தின் முன் நிற்கும் பிள்ளையின் மேல்தான். ஆகவே இதைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

அந்த இயந்திரத்தில் நீண்ட இரும்புக் குழாய் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் மணிகள் அதற்குள்தான் உருகுகின்றன. குழாயைச் சுற்றி, கைக்கு வளையல் போட்டதுபோல், மின்சூடேற்றிகள் பூட்டியிருக்கும். உள்ளே இருப்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. நம் வீட்டு மின்சாரக் கெட்டிலில் இருக்கும் சூடேற்றிக்கு இது நெருங்கிய உறவு. குழாயில் தெர்மோகப்பிள் என்னும் உணர்கருவியும் செருகியிருக்கும். அது சொல்லும் சூட்டைப் பார்த்து, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தை விடும், போதுமானால் நிறுத்தும்.

மூன்று சூடேற்றிகளில் ஒன்றின் கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வளையத்தை இறுகப் பூட்டாவிட்டால் இப்படி ஆகும். இரும்பில் படாத இடத்தில் சூடு வெளியேற வழியில்லாமல், கம்பி தன் சூட்டிலேயே வெந்து போகிறது. கட்டுப்பாட்டுக் கருவிக்கு இது தெரியாது. சூடு குறைந்தால் கூடுதல் நேரம் மின்சாரத்தை விடும். மிச்சம் இரண்டும் அதிகமாக உழைத்து 200 டிகிரியை எட்டிவிடும். ஆனால் அறுந்த சூடேற்றியின் கீழே குழாய் ஆறிக் கிடக்கும். தெர்மோகப்பிள் அந்த இடத்துக்கு அருகில் இருந்தாலோ இன்னும் மோசம். அது குளிர்கிறது குளிர்கிறது என்று சொல்லச் சொல்ல, மற்ற இடங்களில் பிளாஸ்டிக் கருகிவிடும்.

மூன்று பேர் சீவும் இடத்தில் ஒருவர் வரவில்லை. மற்ற இருவரும் கூடுதல் நேரம் நின்று, மூன்று பேருக்கான பாலையும் கொண்டுவந்து ஊற்றிவிட்டார்கள். வெயில் ஏறினால் பால் வடியாதே என்று சீவுகிறவர்கள் சிரிக்கலாம், உவமைக்காகச் சொல்கிறோம். எடையை மட்டும் பார்க்கும் கிராணிக்கு ஆள் குறைந்தது தெரியுமா? காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டால்தான் தெரியும்.

சூடேற்றிகளுக்கும் அப்படி ஒரு பிரட்டு உண்டு. அவற்றுக்குப் போகும் மின்கம்பியை ஒரு சிறு வளையத்துக்குள் நுழைத்திருப்பார்கள். மின்னோட்ட மாற்றி என்பது அதன் பெயர், ஆலையில் சி.டி. என்பார்கள். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்தூண்டல்தான் இதில் வேலை செய்கிறது. கம்பியில் மாறுதிசை மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். அது வளையத்தில் உள்ள சுருளில் சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்கும். கம்பியை அறுக்காமல், தொடாமல் அளவு தெரிந்துவிடும். ஒரே ஒரு கம்பிதான் உள்ளே போக வேண்டும். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்து நுழைத்தால் ஒன்றையொன்று அழித்து, பூஜ்யம் காட்டும்.

இனிக் கணக்கு. ஒரு சூடேற்றி 5 ஆம்பியர் என்றால் மூன்றுக்கும் 15. ஒன்று அறுந்தால் 10. எச்சரிக்கை மணிக்கு நடுவிலுள்ள 12.5-ஐ எல்லையாக வைக்கலாம். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு இறங்கினாலும் ஓட்டம் 13.5 இருக்கும், மணி வீணாக அடிக்காது. ஆனால் பத்து சூடேற்றிகளை ஒரே வளையத்தில் கொடுத்தால்? 50 ஆம்பியர் 45 ஆவது, ஒன்று அறுந்ததாலா, மின்னழுத்தம் இறங்கியதாலா என்று பிரித்தறிய முடியாது. அதனால்தான் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, தனித்தனி வளையம் வைக்கிறார்கள். சில ஆலைகளில் செலவைப் பார்த்து ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நம் பார்வையில் அது சிக்கனமல்ல.

இந்த அளவை, மின்சாரம் ஓடும் நேரத்தில் எடுப்பது. நிறுத்திய நேரத்தில் எடுக்கும் அளவும் ஒன்று உண்டு. அதுதான் உயிருக்கும் பாதுகாப்பு. மின்சாரத்தைத் திறந்து மூடுவது சாலிட் ஸ்டேட் ரிலே என்னும் பாகம். அது கெட்டால் பெரும்பாலும் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். கருவி "நிறுத்து" என்று கட்டளை கொடுத்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே போகும். நிறுத்திய நேரத்தில் வளையத்தில் ஓட்டம் தெரிந்தால் சில கருவிகள் மணி அடிக்கும். எல்லாவற்றிலும் இந்த வசதி இல்லை. வெறும் மணியும் போதாது. மேலிருந்து வரும் மின்சாரத்தையே துண்டிக்கும் தனி இணைப்பான் அந்த மணியோடு சேர்ந்திருக்க வேண்டும்.

வெப்பம் சரியாகத்தானே இருக்கிறது என்று மணியை அணைத்துவிட்டு வேலையைத் தொடரும் பழக்கம் சிலரிடம் உண்டு. பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்: மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். மணி அடித்தபோது கருவியில் மின்சாரம் விடும் விளக்கு எரிந்ததா, அணைந்திருந்ததா, முகப்பில் எத்தனை ஆம்பியர் காட்டியது என்பதைக் குறித்துக்கொண்டு, உடனே மேற்பார்வையாளரிடமும் சார்ஜ்மேனிடமும் சொல்ல வேண்டும். விளக்கு எரிந்து ஓட்டம் குறைந்திருந்தால் அவர் சூடேற்றியைப் பார்ப்பார். விளக்கு அணைந்தும் ஓட்டம் இருந்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரிலேயைப் பார்ப்பார்.