பொறி கலங்கினால் ஆட்டம் போதும்

(ஊராட்சி ஒன்றிய இளைஞர் மன்றத்தினர், உடற்கல்வி ஆசிரியர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



பொங்கல் திருநாள் நெருங்குகின்றது. நம் கிராமங்களில் கபடிப் போட்டிக்கான ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. விளையாட்டினால் வாலிபர்களின் உடலும் உள்ளமும் உரம் பெறும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்று நாம் பேச வந்தது கோப்பையைப் பற்றியன்று. ஆடுவோரின் தலையைப் பற்றி.

முதலில் நம் பிழையைக் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊருக்குப் பரிசளிக்கச் சென்றிருந்தோம். பாடிச் சென்ற 15 வயதுப் பையனை எதிரணியினர் மடக்கியபோது, ஒருவனுடைய முழங்காலில் அவன் தலை மோதிற்று. எழுந்தவன் தன் பக்கம் எதுவென்று அறியாது எதிர்ப்பக்கம் நடந்தான். கூட்டம் சிரித்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து மீண்டும் ஆடவிட்டனர். மேடையிலிருந்து கைதட்டியவர்களில் நாமும் இருந்தோம். அன்றிரவு அவன் பலமுறை வாந்தியெடுத்தான்; மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். உயிருக்கு ஆபத்து நேரவில்லை. ஆனால், ஒரு மாதம் வரை புத்தகத்தைத் திறந்தாலே தலைவலி. பொதுத்தேர்வுக்குப் படிக்க வேண்டிய மாதம் அது.

‘பொறி கலங்கிவிட்டது’ என்று நம் ஊரார் சொல்வதையே மருத்துவர்கள் மூளை அதிர்ச்சி என்கின்றனர். மண்டையோட்டினுள் நீர்சூழ இருக்கும் மென்மையான உறுப்பு மூளை. தலை திடீரெனக் குலுங்கினால் அதுவும் குலுங்கி, அதன் வேலை சில காலம் தடுமாறுகின்றது. தலையில் நேரே அடிபட வேண்டுமென்பதில்லை. மார்பில் மோதித் தலை உதறினாலும் இது நேரலாம். பெரும்பாலோர்க்கு நினைவு தப்புவதில்லை. ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. ஆகையால், ‘இரத்தம் வரவில்லை, படத்தில் குறையில்லை’ என்று அமைதி கொள்வது தவறாகும்.

திகைத்த பார்வை, தள்ளாட்டம், கேட்டதையே மீண்டும் கேட்டல், தலைவலி, தலைசுற்றல், வெளிச்சத்தில் கண் கூசுதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்று அவன் மீண்டும் களமிறங்கலாகாது. தேறாத மூளையில் மற்றோர் அடி விழுந்தால், அரிதாக மூளை வீங்கி உயிரே போகலாம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-இல் 13 வயது மாணவன் ஒருவன் தலையடிபட்ட பின் அதே ஆட்டத்தில் மீண்டும் ஆடினான். மூளையில் இரத்தம் கசிந்து பெரும் ஊனமுற்றான். 2009-இல் அம்மாநிலம் சட்டம் இயற்றிற்று. ஐயமிருப்பின் ஆட்டத்தினின்று விலக்க வேண்டும். தகுதி பெற்ற மருத்துவத் துறையினர் எழுதித் தந்தாலன்றி மீண்டும் சேர்க்கலாகாது என்பதே அதன் சாரம். பின்னர் அந்நாட்டின் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டங்களைச் செய்தன.

விலக்குவது யார் என்பதே நம் முன்னுள்ள கேள்வி. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று பையன் கூறுவான். அவ்வாறு தீர்மானிக்க வேண்டிய உறுப்பே அல்லவா அடிபட்டிருக்கிறது? அணித்தலைவனுக்கு வெற்றியில் கண். தந்தைக்கு மகனின் வீரத்தில் பெருமை. எனவே, இரு அணிகளையும் சாராத ஒருவரை ஆட்டத்திற்கு முன்பே நியமியுங்கள். அவர் சொல்லே முடிவு என்று ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். பெண்கள் அணிக்கும் இவ்விதியே.

வாந்தி தொடர்ந்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப இயலாத உறக்கம் வந்தாலும், கை கால் தளர்ந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். கழுத்து வலித்தால் அசைக்காதீர்கள். மற்றவர்களையும் மருத்துவரிடம் காட்டி, முதல் நாள் முழுவதும் தனியே விடாதிருங்கள். ஓரிரு நாள் ஓய்வு. கைப்பேசி பார்ப்பதைக் குறைத்தல். பின் மெல்ல நடத்தல். முதலில் பள்ளி, பிறகே விளையாட்டு. 2023-இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வழிகாட்டி, 21 நாட்களுக்கு முன் போட்டியில் இறங்கலாகாது என்கின்றது. நம் மன்றங்களும் இதை ஏற்கலாம்.

அந்தப் பையன் இன்று நலமாயிருக்கிறான். இவ்வாண்டு அவ்வூர்க் களத்தின் ஓரத்தில் நின்று, பொறி கலங்கியவர்களை வெளியே அழைக்கும் பொறுப்பை அவனே ஏற்றிருக்கிறான். அவன் கை காட்டினால், கூட்டம் முணுமுணுக்காமல் வழிவிட வேண்டும். உங்களிடம் நாம் வேண்டுவது அவ்வளவே.