ஆற்றுப்படுத்தல்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிரே வரும் பாணனைக் கண்டு, தான் சென்ற வழியையும் அடைந்த வள்ளலையும் எடுத்துரைத்து அவனையும் அங்கே செலுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதும் ஓர் ஆற்றுப்படையே. புற்றுநோய் கண்ட குழந்தையின் பெற்றோருக்கு வழிகாட்டுவது பற்றியது அது.

குழந்தைக்குப் புற்றுநோய் என்றதும், “இனி என்ன இருக்கிறது?” என்று மனமுடைவோர் நம்மிடையே உளர். இது பிழையான எண்ணம். உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 இலட்சம் பிள்ளைகள் இந்நோய்க்கு ஆளாகின்றனர். செல்வ நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றிலோ 30 பேர்கூடத் தேறுவதில்லை. 2030 ஆம் ஆண்டுக்குள் எங்கும் 60 பேராவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் குறிக்கோள் வகுத்தது.

இவ்வேற்றுமை ஏன்? நோயைத் தாமதித்து அறிவதும் மருந்தின் குறைவும் காரணங்களே. தொடங்கிய வைத்தியத்தை இடையில் விட்டுவிடுவது மற்றொரு காரணம். இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். முதல் மாத வைத்தியத்திலேயே பெரும்பாலும் நோயின் குறிகள் மறைந்துவிடும். பிள்ளை எழுந்து விளையாடும். ஆனால் மருந்தோ இரண்டு ஆண்டுக்கு மேலும் தொடர வேண்டும். “பிள்ளை சுகமாயிற்றே, இன்னும் ஏன் அலைச்சல்?” என்று உறவினர் கேட்பர். தகப்பனுக்கு நாட்கூலி போகிறது. பஸ் கட்டணம் கடனாகிறது. வீட்டில் மற்றப் பிள்ளைகள் காத்திருக்கின்றனர். ஒரு கிளினிக் நாள் தவறும். பின் மறுநாளும் தவறும். நோய் திரும்பி வரும்போது முன்னிலும் கொடிதாய் வரும்.

நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வறிய கறுப்பின மக்களிடையே பணிபுரிந்த சத்திரவைத்தியர் ஹரோல்ட் பிறீமன் இந்த அலைச்சலைக் கண்டார். 1990 இல் நோயாளருக்கு வழிகாட்டும் ஊழியரை அவர் அமர்த்தினார். அங்கே 1964 முதல் 1986 வரை மார்புப் புற்றுநோய்க்கு வைத்தியம் பெற்ற பெண்களுள் ஐந்து ஆண்டு பிழைத்தோர் நூற்றுக்கு 39 பேர். இலவசப் பரிசோதனையும் வழிகாட்டலும் சேர்ந்தபின் அத்தொகை 70 ஆயிற்று.

நம் நாட்டிலும் 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் கால்நடையாகச் சென்று தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினர். கட்டடம் எழுப்ப நடந்த கால்கள், ஒரு தாயோடு வைத்தியசாலை வாசல்வரை நடக்க மாட்டாவோ?

நாம் செய்யத்தக்கவை சில. கிளினிக் நாளை முதல்நாளே நினைவூட்டலாம். சிங்களம் அறியாத பெற்றோருக்கு மொழித்துணையாகலாம். தூர ஊரில் தங்க இடம் தேடிக் கொடுக்கலாம். வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கலாம். வைத்தியம் பெறும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், இரவானாலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வாகனம் ஒழுங்குசெய்யலாம். அக்காய்ச்சல் உயிருக்கே ஆபத்தானது. மருந்து பற்றி மட்டும் நாம் வாய்திறக்கலாகாது. அது வைத்தியரின் பொறுப்பு.

இப்பாதையை முன்பே கடந்த பெற்றோர் நம் ஊர்களிலும் இருப்பர். பரிசில் பெற்ற பாணர் அவர்களே. அவர்களை நம்மோடு அழைத்துக்கொள்வோம். வழி தெரியாமையால் ஒரு குழந்தையும் வழியிலே விடப்படாதிருக்கட்டும்.