ரிமாண்டு தண்டனை அல்ல!

(வழக்கறிஞர் அணி பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையிலிருந்து)



நம்ம பையன் ஒருத்தனை மறியல்ல பிடிச்சா மறுநாள் பேப்பர்ல என்ன வருது? "15 நாள் ரிமாண்டு, சிறையில் அடைப்பு". உடனே ஊர்ல, "ஜட்ஜே உள்ள தள்ளிட்டாரு, தப்பு பண்ணாமலா இருப்பான்?"னு பேச்சு. நம்ம ஆட்களே அப்படிப் பேசுறதுதான் வருத்தம்.

ரிமாண்டு தீர்ப்பு அல்ல. கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, ஒருவரை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு. அதற்கு மேல் அடைத்து வைக்க நடுவர் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவுதான் ரிமாண்டு. போலீஸ் கேட்டதும் கிழித்துக் கொடுக்கிற ரசீது இல்லை அது. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் கைது ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்த்து, திருப்தி அடைந்தால்தான் நடுவர் காவலில் வைக்கலாம் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்ம மறியல் வழக்குகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் வரும்.

சாத்தான்குளத்தை மறக்க முடியுமா? 2020 ஜூனில் தந்தையும் மகனும் ரிமாண்டு செய்யப்பட்டு கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனாங்க. சில நாளில் ரெண்டு பேரும் உயிரோட இல்லை. அதனால சொல்றேன், அடிச்சிருந்தா நடுவர் முன்னாடியே வாயைத் திறந்து சொல்லுங்க. காயத்தைக் காட்டுங்க. வக்கீல் இல்லையா, இலவச சட்ட உதவி கேளுங்க. முதல் தடவை நிறுத்தும்போதே அதைத் தர வேண்டும்.

நீதிமன்றக் காவல்னா சிறை, போலீஸ் காவல்னா ஸ்டேஷன். போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்தான். முன்பு அது முதல் 15 நாளோடு முடிந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 187-வது பிரிவு, அதை முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகக் கேட்கவும் வழி விடுகிறது. சிறைக்குப் போனவனை மறுபடி ஸ்டேஷனுக்கு இழுக்கலாம். ஆபத்து இங்கேதான்.

இன்னொன்று. குற்றப்பத்திரிகை 60 நாளில், பெரிய வழக்கானால் 90 நாளில் வரவில்லையா, ஜாமீன் உரிமை. ஆனா தானா கிடைக்காது, மனு போடணும். குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே போடணும். ரிமாண்டு ஆன நாளையும் சேர்த்து எண்ணுங்க. ஒன்றியச் செயலாளர்கள் அந்தத் தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க.